அப்பாவின் படத்தைப் பெரிதாக்கும் முன்: ஒரு தூரக் கணக்கு

அப்பா தவறிய ஒன்பதாம் நாள், பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டூடியோவில் அவர் படத்தை 12க்கு 18 அங்குலத்தில் பெரிதாக்கி வாங்கினேன். கடையில் கையில் பிடித்துப் பார்த்தபோது அப்பாவேதான். கண் கலங்கிவிட்டது. சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பட்டாசலில் (நடுக்கூடத்தில்) மாட்டிவிட்டு, எதிரே கட்டிலில் அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தால், அது வேறு யாரோ. மூக்கு பெருத்திருந்தது. காது ஒடுங்கியிருந்தது. நெற்றி பின்னால் சரிந்துபோயிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லாமல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். துஷ்டிக்கு வந்து தங்கியிருந்த அத்தைதான் கேட்டாள்: "ஏய்யா, இது எங்க அண்ணன் மாதிரியே இல்லையே?"

அந்தப் படம் என் மகள் தாத்தாவோடு எடுத்துக்கொண்ட செல்ஃபி. போன் அவர் முகத்திலிருந்து ஒன்றேகால் அடிதான் தள்ளி இருந்திருக்கும். கடையில் நான் பார்த்ததும் ஏறக்குறைய அதே தூரத்தில். அதனால் அங்கே சரியாகத் தெரிந்த முகம், எட்டடி தள்ளிப் பார்த்தபோது மாறிப்போனது. இது புரிந்து, வேறு படம் தேடி, திரும்ப அச்சிட்டு மாட்டுவதற்குள் பதினாறாம் நாள் வந்துவிட்டது. துக்க வீட்டில் இந்த அலைச்சல் யாருக்கும் வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. படத்தைத் தேடும் முன் சுவரை அளந்துவிடுங்கள்

எல்லோரும் படத்தில்தான் ஆரம்பிப்பார்கள். நீங்கள் சுவரில் ஆரம்பியுங்கள். படம் எந்தச் சுவரில் வரப்போகிறது, அதை அதிக நேரம் பார்க்கப்போவது யார், அவர் எங்கே உட்காருவார் என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து சுவர் வரை டேப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் கட்டிலிலிருந்து சுவருக்கு எட்டரை அடி, அதாவது 2.6 மீட்டர்.

பார்ப்பவர் கண்ணையும் கணக்கில் எடுக்கவேண்டும். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை. கண் மருத்துவச் சீட்டில் 6/12 என்று இருந்தது. நல்ல கண் 12 மீட்டரில் படிக்கும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்க முடியும் என்று அதற்குப் பொருள். அப்படிப்பட்டவர் வீட்டில் இருந்தால் ஒன்று முகம் பெரிதாக வேண்டும், இல்லையென்றால் சுவர் கிட்டே வேண்டும்.

முகம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு எளிய வழி. பெரியவர் ஒருவரின் தலை, உச்சியிலிருந்து தாடை வரை ஏறக்குறைய 23 செ.மீ. இருக்கும். படத்தில் அதில் பாதியாக, பதினொன்றரை செ.மீ. இருந்தால், எட்டரை அடியில் பார்க்கும்போது அந்த ஆள் பதினேழு அடி தள்ளி நிற்பதுபோலத் தெரியும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆள் மாதிரி. பக்கத்தில் இருக்கிற உணர்வு வேண்டுமென்றால் முகம் 15 செ.மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது என் அனுபவம். மாலை தாடையை மறைக்காதபடி கீழே இடம் விடுவதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

2. எத்தனை அடியிலிருந்து எடுத்த படம் என்று கண்டுபிடியுங்கள்

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே சுமார் 12 செ.மீ. இருக்கிறது. கேமரா 30 செ.மீ. தூரத்தில் இருந்தால் மூக்கு 30 செ.மீட்டரிலும் காது 42 செ.மீட்டரிலும் இருக்கும். கிட்டே இருப்பது பெரிதாக விழும். ஆகவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 40 சதவீதம் பெரிதாகிவிடுகிறது. ஒன்றரை மீட்டரில், அதாவது ஐந்தடியில் எடுத்தால் அதே வித்தியாசம் 8 சதவீதம்தான். மூன்று மீட்டரில் 4. அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 2018இல் வந்த கணக்கும் இதேபோலத்தான் சொல்கிறது: 30 செ.மீ. தூரத்து செல்ஃபியில் மூக்கின் அகலம், ஐந்தடியில் எடுத்ததைவிட ஏறக்குறைய 30 சதவீதம் கூடித் தெரிகிறது.

இதற்கு லென்ஸ் காரணம் என்று கடைகளில் சொல்வார்கள். லென்ஸ் அல்ல, நிற்கும் தூரம்தான் காரணம். ஐந்தடியில் நின்று எந்த லென்ஸில் எடுத்து முகத்தை மட்டும் வெட்டிப் பார்த்தாலும் மூக்கும் காதும் ஒரே விகிதத்தில்தான் இருக்கும். அகன்ற கோண லென்ஸ் தனியாக ஒரு கெடுதல் செய்யும்: படத்தின் ஓரத்தில் நிற்பவரை இழுத்து அகலமாக்கிவிடும். குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் முகத்தை எடுக்காதீர்கள், நடுவில் இருப்பதை எடுங்கள்.

தூரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? காதைப் பாருங்கள். நேராகப் பார்க்கும் முகத்தில் காது இரண்டும் கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்து, முகம் முட்டை வடிவில் நீண்டிருந்தால் கிட்டேயிருந்து எடுத்தது. காது நன்றாக வெளியே தெரிந்து, கழுத்தும் தோளும் முகத்துக்கு ஏற்ற அகலத்தில் இருந்தால் தள்ளி நின்று எடுத்தது. படத்தின் ஓரத்தில் நீண்ட கை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், செல்ஃபிதான். தலை முதல் கால் வரை தெரிகிற படம் என்றால் பெரும்பாலும் எட்டடிக்குக் குறையாமல் நின்று எடுத்திருப்பார்கள்.

தூரம் முக அமைப்பை மட்டும் மாற்றுவதில்லை. ஒரே ஆட்களை 45 செ.மீட்டரிலும் 135 செ.மீட்டரிலும் படம் எடுத்து, தெரியாதவர்களிடம் காட்டிய ஆய்வு ஒன்று 2012இல் வந்தது. கிட்டே எடுத்த படத்தில் இருப்பவரை நம்பத்தகுந்தவர் என்று சொல்லத் தயங்கினார்கள். நம் வீட்டில் நடந்ததை வைத்துச் சொன்னால், அந்தச் சுவரில் இருந்த முகத்தை அம்மாவால் உரிமையோடு பார்க்க முடியவில்லை.

3. ஒரே ஒரு பெருக்கல்

எடுத்த தூரத்தை, அச்சில் முகம் நிஜ அளவில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதால் பெருக்குங்கள். கிடைப்பதுதான் அந்தப் படத்தைப் பார்க்கவேண்டிய தூரம்.

என் முதல் படம்: எடுத்தது 40 செ.மீட்டரில். அச்சில் முகம் 17 செ.மீ., அதாவது நிஜ அளவில் முக்கால் பங்கு. பெருக்கினால் 30 செ.மீ. கையில் பிடித்துப் பார்க்கும் தூரம். கடையில் அப்பாவாகத் தெரிந்ததன் காரணம் இதுதான். நான் மாட்டியதோ அதைப்போல எட்டு மடங்குக்கும் மேலான தூரத்தில்.

இரண்டாவது படம்: அத்தை மகன் கல்யாணத்தில் போட்டோகிராபர் நான்கு மீட்டர் தள்ளி நின்று எடுத்தது. அப்பா வரிசையில் நடுவில் நிற்கிறார். அச்சில் முகம் 15 செ.மீ., நிஜ அளவில் 0.65 பங்கு. பெருக்கினால் 2.6 மீட்டர், அம்மாவின் கட்டில்.

இம்மி பிசகாமல் வரவேண்டும் என்று இல்லை. ஐந்தாறு அடிக்கு மேல் எடுத்த படம் என்றால் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் கண் பொறுத்துக்கொள்ளும். இரண்டடிக்குள் எடுத்த படம்தான் காலை வாரிவிடும்.

4. கோப்பைச் சரியாகக் கைக்குக் கொண்டுவாருங்கள்

அந்தக் கல்யாணப் படம் முதலில் எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. அகலம் 1600 பிக்சல். ஐந்து பேர் நிற்கும் படத்தில் அப்பாவின் முகத்துக்கு, உச்சியிலிருந்து தாடை வரை, கிடைத்தது 120 பிக்சல் சொச்சம். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. போட்டோகிராபரைத் தேடிப்போய் அசல் கோப்பை பென்டிரைவில் வாங்கியபோது அது 6000 பிக்சல் அகலம் இருந்தது. முகத்துக்கு 460.

இது போதுமா என்று பார்க்க ஒரு வாய்ப்பாடு: நல்ல கண், ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மி.மீட்டருக்குக் குறைந்த நுணுக்கத்தைப் பிரித்துப் பார்க்காது. இரண்டு மீட்டரில் 0.6. இப்படியே ஏறும். 460 பிக்சலை 15 செ.மீட்டரில் பரப்பினால் ஒரு பிக்சல் 0.33 மி.மீ. ஆக 1.1 மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்குக் குறை தெரியாது. கட்டிலிலிருந்து பார்க்கப் போதும், போதுமானதற்கு மேல்.

தேடி எடுக்கவேண்டியவை: கல்யாண ஆல்பங்களும் அவற்றின் அசல் கோப்புகளும், பழைய ஸ்டூடியோ பிரிண்ட், நெகட்டிவ் இருந்தால் நெகட்டிவ். பிரிண்டை போனில் படம் பிடிக்காதீர்கள். ஸ்கேனரில் வைத்து 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு ஒரு படத்துக்கு 50 ரூபாய் ஆனது. ஆதார் அட்டை, ரேஷன் கார்டு படங்களை நம்பிப் போகாதீர்கள், பெரிதாக்கத் தாங்காது. உறவினர்களிடம் கேட்கும்போது, "வாட்ஸாப்பில் டாக்குமென்டாக அனுப்புங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும்.

5. ஸ்டூடியோவில் சொல்லவேண்டியது

ஐந்து விஷயங்களைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொன்னால் அவசரத்தில் விட்டுப்போகும். சட்டத்துக்கு (ஃபிரேமுக்கு) பொருந்த வேண்டுமென்று முகத்தை இழுக்கக் கூடாது. தோலை வழவழப்பாக்கக் கூடாது. வேறு உடம்பில் தலையை ஒட்டக் கூடாது. வெள்ளைச் சட்டை, துண்டு சேர்க்கவேண்டுமென்றால் கழுத்தின் அகலம் மாறாமல் சேர்க்க வேண்டும். செயற்கை நுண்ணறிவில் போட்டுக் கூர்மையாக்கக் கூடாது.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. மங்கலான படத்தைக் கூர்மையாக்கும் மென்பொருள், இல்லாத இமையையும் சுருக்கத்தையும் தானாக வரைந்து நிரப்புகிறது. பத்தடியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பூப்போடக் கிட்டே போகும்போது கண் வேறு ஒருவருடையதாக இருக்கும். என் தங்கை அப்படி ஒரு பிரதியைப் பார்த்துவிட்டு, "இது அப்பா கண் இல்லண்ணே" என்று உடனே சொல்லிவிட்டாள். மங்கலாகவே இருக்கட்டும் என்று விடுவது நல்லது.

6. அச்சுக்கு முன் ஒரு நாள் சுவரில் ஒட்டிப் பாருங்கள்

இதை மட்டும் செய்திருந்தால் எனக்கு முதல் படம் வீணாகியிருக்காது. ஏ3 தாளில் ஒரு கலர் பிரிண்ட் எடுங்கள். 12க்கு 18 அங்குலத்தைவிட ஏ3 கொஞ்சம்தான் சிறியது. எனக்கு 40 ரூபாய் ஆனது. மாட்டப்போகும் இடத்தில், மாட்டப்போகும் உயரத்தில், செல்லோடேப்பில் ஒட்டிவிட்டுக் காலையிலும் ராத்திரி டியூப்லைட்டிலும் பாருங்கள். உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். கிட்டே போய்ப் பாருங்கள்.

தூரம் மாறினால் முகபாவமும் மாறும், அதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். கிட்டே இருக்கும்போது கண்ணோரச் சுருக்கம், உதட்டு வரி என்று நுணுக்கம் தெரியும். தள்ளிப் போகப்போக நுணுக்கம் கரைந்து, பெரிய நிழல்கள் மட்டும் மிஞ்சும். இந்தக் குணத்தை வைத்து 2007இல் ஆட் ஒலிவா என்ற ஆய்வாளர் ஒரு படம் செய்தார். கையில் வைத்துப் பார்த்தால் ஐன்ஸ்டைன். சில அடி பின்னே போனால் அதே தாளில் மர்லின் மன்றோ. நம் வீட்டுப் படங்களிலும் சின்ன அளவில் இது நடக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த ஒரு படத்தில் அப்பா லேசாகச் சிரிக்கிறார். எட்டரை அடியில் அந்தச் சிரிப்பு தெரியவில்லை. கண்குழியில் விழுந்த நிழல்தான் தெரிந்தது, கோபமாக இருப்பதுபோல. அதை ஒதுக்கிவிட்டோம்.

தீர்ப்பை ஒருவரிடம் விடாதீர்கள். அவரோடு பேசிப் பழகியவர்கள் மூன்று பேர் பார்க்கட்டும். அத்தை பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டினாள். அதன் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

சட்டம் போடும்போது கண்ணாடியில் ஜன்னலோ டியூப்லைட்டோ பிரதிபலிக்கிறதா என்று பாருங்கள். மேல்விளிம்பைச் சுவரிலிருந்து அரை அங்குலம் முன்னால் சாய்த்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அச்சுக்கு 350, சட்டத்துக்கு 700 கொடுத்தேன்.

7. தெருவில் வைக்கும் பிளெக்ஸ்

படம் சின்னது, பிளெக்ஸுக்குத் தாங்காது என்று கடையில் திருப்பி அனுப்பினால் கவலைப்படாதீர்கள். ஆறுக்கு நான்கு அடி போர்டில் முகம் மூன்றடி உயரம் வரும், நிஜ அளவில் நான்கு மடங்கு. தெருவில் வருகிறவர் 8 மீட்டரில் நின்று பார்க்கிறார். அந்தத் தூரத்தில் கண் 2.4 மி.மீட்டருக்குக் குறைந்ததைப் பிரிக்காது. மூன்றடி முகத்துக்கு 400 பிக்சலுக்கும் குறைவாகவே போதும். பட்டாசல் படத்துக்குத்தான் அதிக பிக்சல் வேண்டும், கிட்டே போய்ப் பார்ப்போம் என்பதால். பெருக்கலையும் போட்டுப் பாருங்கள்: இரண்டு மீட்டரில் எடுத்த படம், நான்கு மடங்கு, 8 மீட்டர். செல்ஃபியை வைத்தால் 1.6 மீட்டர்தான் வரும். தெருவில் போகிற யாருக்கும் அது அவர் முகமாகத் தெரியாது.

போர்டில் எழுத்தைக் குறைத்து, ஆளுக்கு இடம் கொடுங்கள். ஆனித் தேரோட்டத்தன்று நெல்லை டவுன் ரத வீதியில் நின்றால், தெரிந்தவர் ஒருவரை முகம் தெரியும் முன்பே நடையையும் தோளையும் வைத்து அடையாளம் கண்டுகொள்கிறோம் இல்லையா? அதனால் பிளெக்ஸில் முகத்தை மட்டும் வெட்டிப் போடாமல் தோளும் மார்பும் சேர்த்துப் போடுங்கள். தூரத்திலிருந்து வருகிறவருக்கு அது உதவும்.

பொது இடத்தில் வைக்க அனுமதி வேண்டும், யாரிடம் வாங்குவது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாமல் வைக்காதீர்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் ஒருவர் லாரியில் சிக்கி இறந்துபோனார். நாங்கள் எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே, காற்றுக்குச் சாயாதபடி கட்டிவைத்தோம். சதுர அடி 15 ரூபாய் கணக்கில் 360, மரச்சட்டத்துக்கு 250.

8. சின்னப் படங்களும் தாள்களும்

நாளிதழில் கண்ணீர் அஞ்சலி கொடுக்க என்னிடம் கேட்டவை: இறப்புச் சான்றின் நகல், கொடுப்பவரின் ஆதார் நகல், படம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதிவானதும் சான்றிதழை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். நாளிதழில் முகம் கட்டைவிரல் அளவுதான் வரும் என்பதால் பின்னணியை வெறுமையாக்கி, முகம் கட்டம் நிறைய வரும்படி வெட்டிக்கொடுங்கள்.

   

9. நாட்கணக்கு

பதினாறாம் நாள் காரியத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். சட்டம் போட 2 நாள், முகூர்த்த மாதமென்றால் 4. அச்சுக்கு 1 நாள். சுவரில் ஒட்டிப் பார்க்க 1 நாள். போட்டோகிராபரிடம் அசல் கோப்பு வாங்க 3 நாளாவது ஆகும். அவர் பழைய ஹார்டுடிஸ்கைத் தேடவேண்டும். ஆக ஐந்தாம் நாளுக்குள் உறவினர்களிடம் கேட்டு முடித்துவிடுங்கள். முடியவில்லையென்றால் அன்றைக்கு ஏ3 தாளையே அட்டையில் ஒட்டி வையுங்கள், சரியான படம் ஒரு மாதம் கழித்து வரட்டும். தவறான படத்தை மாட்டிவிட்டால் பிறகு கழற்ற மனம் வராது. எங்கள் வீட்டில் அந்த முதல் படத்தை இறக்கும்போது அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

10. இருக்கிறவர்களை இப்போதே எடுத்துவையுங்கள்

ஏழடி தள்ளி நில்லுங்கள். போனில் 2 மடங்கு ஜூம் வையுங்கள், 0.5 என்று இருப்பதைத் தொடாதீர்கள். போனை அவர் கண் உயரத்தில் பிடியுங்கள். வாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி, வெளிச்சத்தைப் பார்த்து உட்காரவையுங்கள். வெயில் முகத்தில் நேராக விழக்கூடாது. "சிரிங்க" என்று சொல்லாமல் பேச்சுக் கொடுங்கள், இருபது முப்பது படம் எடுங்கள்.

போன மாதம் அம்மாவை அப்படித் தார்சாவில் (முன்தாழ்வாரத்தில்) உட்காரவைத்து எடுத்தேன். பத்தமடைப் பாயைப் பற்றி ஏதோ கேட்டேன், அவள் கல்யாணத்துக்கு வந்த பாய் எங்கே போனது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தோராவது படத்தில் அவள் என்னைத்தான் பார்க்கிறாள். ஏழடி, ஜன்னல் வெளிச்சம், தேதி எல்லாம் கோப்பின் பெயரிலேயே போட்டு, தங்கைக்கு டாக்குமென்டாக அனுப்பிவிட்டேன்.